நான் வைக்கச் சொன்ன ரிக்கார்டு

எங்கள் வட்டாரத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அதற்காகப் போன வாரம் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது ஒரு போனுக்குள்ளேயே உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது, ஆனால் எந்த விசேஷத்தில் எதை எப்போது போடுவது என்று சொல்ல ஆள் இல்லை என்றார்கள். அப்புறம் வந்த காரியத்தைச் சொன்னார்கள்.

"அருப்புக்கோட்டையில அப்ப தனபாக்கியம்னு ஒருத்தவுக ரிக்கார்டுப் பெட்டி கட்டுவாகளாமே. அவுக கட்டுன பெட்டியில ஒரு பாட்டு தப்பா விழாதாமே. நீங்க அவுககூட வேலை பாத்தீகளாம்ல. அவுகளைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்கம்மா."

தலையை ஆட்டினேன். நான் எதற்கும் தலையைத்தான் ஆட்டுவேன். தனபாக்கியம் அந்த ஒலிபெருக்கிக் கடையில் இருந்தது மூன்று வருஷம். நான் இருந்தது பதினாறு வருஷம். கேட்பது அவளைப் பற்றி. ஒரு பாட்டு தப்பாக விழாதாம். ஒன்று விழுந்தது. அதை விழ வைத்தது நான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

என் வீட்டுக்காரர் அந்தக் கடையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர். ஒரு காதுகுத்து வீட்டில் புளியமரத்தில் குழாய் கட்ட ஏறி, விழுந்து, ஆறு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அறுபதுகளின் நடுவில் நடந்தது அது. காரியம் முடிந்ததும் கடை அண்ணாச்சி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "வீட்டுல உக்காந்து என்ன செய்யப் போற வேலம்மா. ரிக்கார்டு துடைக்க ஆளு வேணும். நாளைக்கு வா" என்றார். போனேன்.

வேலை பழக ஒரு மாதம் ஆனது. பழைய கனத்த ரிக்கார்டில் ஸ்பிரிட் படக்கூடாது, கரைந்துபோகும். புது மெல்லிசு ரிக்கார்டைத் துணியால் அழுத்தித் துடைத்தால் இன்னும் தூசியை இழுக்கும். எங்கள் ஊர்க் கரிசல் தூசி கண்ணுக்குத் தெரியாமல் வரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் நெளிந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து அதே வெயிலில்தான் நிமிர்த்த வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தட்டின் நடுவட்டத்து நிறத்தையும், எந்த இடத்தில் கீறல் என்பதையும் வைத்து நானூறு தட்டையும் அடையாளம் சொல்வேன்.

அடுத்தது பெட்டி கட்டுவது. ஒரு தகரப் பெட்டியில் அறுபது தட்டு. விசேஷத்துக்கு ஏற்ற மாதிரி, போட வேண்டிய வரிசையிலேயே அடுக்கி, ஒரு காகிதத்தில் பட்டியல் எழுதி மேலே வைக்க வேண்டும். விசேஷ வீட்டுக்கு மைக் செட்டுக் கொண்டுபோகிற கருப்பையா அண்ணன் அதைப் பார்த்துப் போட்டுக்கொண்டே போவார். முதலில் பிள்ளையார் பாட்டு. மாப்பிள்ளை வரும்போது நாதஸ்வரம் இருந்தால் ரிக்கார்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பந்தி நேரத்துக்கு அண்ணாச்சி தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தார். மெதுவான பாட்டுப் போட்டால் சாப்பிடுகிறவன் இலையை விட்டு எழுந்திருக்க மாட்டான், நிற்கிற சனம் வையும். அதனால் பந்திக்கு ஓட்டமான பாட்டு.

அண்ணாச்சி புது ரிக்கார்டு எடுக்கிற விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மதுரையிலிருந்து கட்டு வரும். பிடிக்காததை இரண்டு நாளில் திருப்பிவிடலாம். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் ஒவ்வொன்றையும் குழாயில் போட்டு மூன்று தூரத்தில் கேட்பார்கள். ஒருவர் கடைக்குள். ஒருவர் எதிர்த்த கடை வரிசையில். ஒருவர் கண்மாய்க் கரையில். "பாட்டுக் கேக்குறவன் பாதிப்பேர் பந்தலுக்குள்ள இல்ல, காட்டுல நிக்கான்" என்பார். கடைக்குள் அவர் இருப்பார், கண்ணை மூடி, சுட்டுவிரலை மேசையில் ஊன்றி. பிடித்தால் விரல் அசையாது. பிடிக்காவிட்டால் விரலை எடுத்துவிடுவார். அவ்வளவுதான், வாயால் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. எதிர்த்த வரிசைக்குக் கருப்பையா அண்ணன். கரைக்கு நான். ஆம்பிளைகள் நடுவில் நிற்க வேண்டாம் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

கரையில் நின்றால் பாட்டு வேறு. சொல் முதலில் உதிர்ந்துவிடும். அப்புறம் வயலின் போகும். புல்லாங்குழல் கடைசிவரை வரும். நாடகப் பாட்டு, சினிமா டூயட், இந்திப் பாட்டு, ஒரு படத்து வசனம் முழுக்க இருக்கிற பெரிய தட்டு, ஒரு தடவை இங்கிலீஷ் பேண்டு கூட, எல்லாவற்றையும் அங்கே நின்று கேட்டேன். எது தங்கும், எது வழியிலேயே செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் திரும்பி வந்து அண்ணாச்சி முன்னால் நின்றால், "எப்படி இருக்கு?" என்பார், "நல்லாருக்கு அண்ணாச்சி" என்பேன். "கேக்குதா?" "கேக்குது அண்ணாச்சி." அதற்குமேல் நாக்கு நகராது. எல்லாவற்றுக்கும் நல்லாருக்கு என்று சொல்கிறவளை யார் மதிப்பார்கள்?

எட்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு தனபாக்கியம் வந்தாள். மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். படித்தது எட்டாம் வகுப்பு. அண்ணாச்சி சம்சாரத்துக்கு ஏதோ தூரத்து உறவு. எழுத்து ஒவ்வொன்றும் உருண்டையாக, கோலப்புள்ளி மாதிரி வைப்பாள். வந்த முதல் வாரமே பட்டியல் எழுதுகிற வேலை அவளுக்குப் போனது. இரண்டாவது வாரம் அண்ணாச்சி மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். எட்டு வருஷமாக நான் நின்றுகொண்டிருந்த கடை அது.

கெட்டவள் என்று எழுதினால் பொய். மத்தியானம் கொண்டுவருகிற சோற்றில் பாதியை எனக்குத் தள்ளுவாள். பின்கட்டில் தொட்டிப் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்து ரிக்கார்டு கழுவும்போது பேசிக்கொண்டே இருப்பாள். அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது.

"உனக்கு ரொம்பப் பிடிச்சது எது வேலம்மா?" என்று கேட்டாள் ஒருநாள்.

"அந்தப் பச்சை வட்டம் போட்ட இந்தித் தட்டு."

"அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான். தமிழ்ப் பாட்டு கரைக்கு வாரதுக்குள்ள வார்த்தை போயிருது. வார்த்தை போனா பாதிப் பாட்டு போச்சு. இந்தியில நமக்குப் போறதுக்கு வார்த்தையே இல்ல. முழுசா வந்துருது."

அவள் கையிலிருந்த துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் புது இந்தித் தட்டு ஒன்று ஓடியது. எடுப்பதா திருப்புவதா என்று அண்ணாச்சி யோசித்தார். தனபாக்கியம் முக்காலியிலிருந்து சொன்னாள்: "எடுங்க அண்ணாச்சி. தமிழ்ப் பாட்டுல தூரம் போகப் போக வார்த்தை உதுந்துரும். இந்தியில நம்ம சனத்துக்கு உதுர்றதுக்கு வார்த்தையே இல்லையே."

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கருப்பையா, கேட்டியாடா. இதுதாண்டா காது" என்றார்.

நான் கதவோரம் ஈரக்கையோடு நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நமக்குள் இருக்கட்டும் என்கிற சிரிப்பா, உன்னுடையதுதான் என்கிற சிரிப்பா, இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் அதுவே வழக்கமானது. நான் கரையிலிருந்து வருவேன். பின்கட்டில் அவளிடம் சொல்வேன். அவள் முன்கட்டில் சொல்வாள். உச்சத்தில் பாடுகிற பெண்குரல் குழாயில் கீச்சென்று போகும், அடங்கிப் பாடுவதுதான் காட்டுக்குப் போகும் என்று நான் சொன்னதை, கையை ஆற்றுத்தண்ணீர் மாதிரி அசைத்துக்கொண்டு சொல்வாள். ஊரில் பெரிய மனிதர்கள் செட்டுப் பேச வந்தால், "அந்தப் பிள்ளை கட்டுற பெட்டியா இருக்கணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். திருச்சுழியிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். டீ வந்தால் முதல் கிளாஸ் அவளுக்கு.

ஒரு தடவை கேட்டும் விட்டேன். "நான் சொன்னதைத்தானே நீ சொல்ற?"

"உனக்கும் சேத்துத்தான் சொல்றேன் வேலம்மா. நீ வாயைத் திறக்க மாட்டேங்குற. பாட்டு நல்லாருக்குன்னு யாராச்சும் சொல்லணும்ல?"

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிந்தது. அவள் ரிக்கார்டைப் பிடிக்கிற விதம் எரிந்தது, இரண்டு உள்ளங்கையாலும் ஓரத்தில், குழந்தை முகத்தைப் பிடிக்கிற மாதிரி. அவளுடைய வளையல் சத்தம் எரிந்தது. ராத்திரி படுத்தால் அவள் சொன்னதெல்லாம் என் காதில் அவள் குரலிலேயே ஓடியது. நான் யோசித்தது எனக்கே அவள் குரலில் கேட்கிறதே என்று எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

மூன்றாவது வருஷம், மாசிக்கு முன்னால், நையாண்டி மேளம் முழுக்க ஒரு பெரிய தட்டு வந்தது. இரண்டாவது பக்கத்தில் உறுமி. கரையில் நின்ற எனக்குத் தவில் கேட்கவில்லை, நாயனம் கேட்கவில்லை, உறுமி மட்டும் வயிற்றுக்குள் வந்து இழுத்தது. கோயில் கொடைக்கு ஆகும் என்று எடுத்தார்கள்.

அதே மாதம் நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கல்யாணத்துக்குச் செட்டுப் பேசினார்கள். ஊர்ப்பேரை எழுத வேண்டாம். அது என் அம்மா பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர். அந்த ஊர் எல்லைச்சாமிக்கு உறுமிதான் அழைப்பு. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி, விரதம் இருந்து, அதற்கப்புறம்தான் ஊருக்குள் உறுமி கேட்கலாம். மற்ற நாளில் கல்யாண மேளக்காரர்கள்கூட உறுமியை ஊர் எல்லையில் ஒரு வீட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எனக்கு அது சின்ன வயதிலிருந்து தெரியும். கல்யாணப் பெண்ணின் அப்பாதான் அந்தச் சாமிக்கு ஆடுகிறவர் என்பதும் தெரியும். மல்லாங்கிணற்றுக்காரிக்கு எதுவும் தெரியாது.

பெட்டி கட்டும்போது தனபாக்கியம் கேட்டாள்: "காலைப் பந்திக்கு எதை வைக்கட்டும் வேலம்மா? எல்லாம் போட்டுப் போட்டுச் சலிச்ச பாட்டா இருக்கு."

"அந்தப் புது மேளத் தட்டை வையி. ரெண்டாவது பக்கம்."

"கல்யாணத்துக்கு நல்லாருக்குமா?"

"இலையில இருந்து துள்ளி எந்திரிப்பாக."

அவள் சிரித்துக்கொண்டே உருண்டை எழுத்தில் எழுதினாள்.

அந்தக் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது, அம்மா வழி உறவு. போயிருக்க வேண்டியதில்லை. போனேன். காலைப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டுக் கருப்பையா அண்ணன் செட்டை வைத்திருந்தார். அவர் பட்டியலைப் பார்த்து அந்த உறையை எடுத்ததை நான் பார்த்தேன். தட்டை உருவி, ஊதி, திருப்பி இரண்டாவது பக்கத்தை மேலே வைத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருபது முப்பது ஆம்பிளைகள் நின்றார்கள். நடந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் இல்லை.

உறுமியின் முதல் இழுப்பிலேயே பெண்ணின் அப்பா கை இலையில் நின்றது. இரண்டாவது இழுப்பில் தோள் குலுங்கியது. அப்புறம் இலையைத் தாண்டிக் குதித்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர். நான் தனபாக்கியத்திடம் சொன்னது பொய்யில்லை. துள்ளித்தான் எழுந்தார்கள்.

கருப்பையா அண்ணன் பதறி ஊசியைத் தூக்கிவிட்டார். சத்தம் நின்றது. வந்தது நிற்கவில்லை.

"எவன்டா என்னைக் கூப்பிட்டது?" என்றது சாமி. "காப்புக் கட்டல. விரதம் இல்ல. எச்சி வாயில என்னை இறக்குனது எவன்டா?"

மேளக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "நாங்க அடிக்கல சாமி" என்று பின்னால் போனார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, "மனுசன் கூப்பிடல சாமி. அது மிசினு" என்றார்.

"மிசினுக்குக் கை குடுத்தது யாருடா?"

எல்லாரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். கருப்பையா அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணில் விழுந்துவிட்டார். சாமி ஊரைவிட்டு வெளியே ஓடியது. சனம் பின்னால் ஓடியது. மாப்பிள்ளையின் தாய்மாமன், "நேரம் போகுது. இந்த வீட்டுல பொண்ணு எடுக்கணுமா? பஸ்ஸைப் பாருங்கப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நான் உள்ளே பெண்ணைப் பார்த்தேன். மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், "அப்பா சாப்பிட்டுட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் எச்சில் வாயோடு ஆடுவதுதான் அவளுக்குப் பயம். அந்தக் கேள்வி என்னை அந்த வீட்டுக்குள் நிற்க விடவில்லை. கொல்லையில் போய் நின்றுகொண்டேன்.

சாமியை மலையேற்ற வெகு நேரம் ஆனது. தனியாகப் பொங்கல் வைப்பதாகச் சொன்னார்கள், கிடா வெட்டுவதாகச் சொன்னார்கள். கூப்பிட்டதை என் காலடியில் வை என்றது. கருப்பையா அண்ணன் அந்தத் தட்டை உறையோடு கொண்டுபோய் எல்லைச்சாமிக் கல்லடியில் வைத்தார். பெண்ணின் அப்பா விழுந்து, தண்ணீர் தெளித்து எழுந்து, கையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்துக்கொண்டு, "தாலி கட்டியாச்சா?" என்றார். முகூர்த்தம் தாண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான், "மத்தியானத்துல இன்னொரு நல்ல நேரம் இருக்கு. இருந்து கட்டிக் கூட்டிட்டுப் போவோம்" என்று எல்லாரையும் உட்கார வைத்தாள். ரிக்கார்டு இல்லாமல் அந்தத் தாலி ஏறியது.

மறுநாள் அந்த ஊரிலிருந்து நாலு பேர் கடைக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. இனி எங்கள் பக்கம் உங்கள் குழாய் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். அண்ணாச்சி பட்டியலை மேசைமேல் விரித்தார்.

"இதைப் பந்திக்கு எழுதுனது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி" என்றாள் தனபாக்கியம். முக்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"உனக்கு அந்த ஊரு வழக்கம் தெரியாது, சரி. வையின்னு யாரும் சொன்னாகளா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் எல்லாம் வெளியே வரும், இந்தித் தட்டிலிருந்து எல்லாமே யார் பேச்சு என்று வந்துவிடும். வரட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் இருந்தது.

"யாரும் சொல்லல. நானாப் பாட்டைக் கேட்டுத்தான் வச்சேன்."

அது எனக்காகச் சொன்னதா? அல்லது வேலை போனாலும் காது தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொன்னதா? எதுவாக இருந்தாலும் அந்த நிமிஷம் எனக்கு வந்தது நன்றி இல்லை. நான் யோசித்துச் செய்த கெடுதலைக்கூட அவளே எடுத்துக்கொண்டாள் என்றுதான் வந்தது.

அண்ணாச்சி அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகத்தான், நாளையிலிருந்து வரவில்லை என்று சொன்னாள். பின்கட்டில் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"அந்த ஊரு உங்கம்மா ஊருக்குப் பக்கத்து ஊருதானே வேலம்மா?"

நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா கேட்டேன்" என்றாள். தூக்கை மூடினாள். மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

முக்காலி அங்கேயே கிடந்தது. இரண்டு மாதம் கழித்து மதுரையிலிருந்து கட்டு வந்தது. ஒரு சினிமாவின் பாட்டெல்லாம் சேர்ந்த பெரிய தட்டு. நான் கரைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பழக்கத்தில் கால் பின்கட்டுக்குப் போனது. தொட்டிப் பக்கம் யாரும் இல்லை. சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. திரும்பி முன்கட்டுக்கு வந்தேன். அண்ணாச்சி விரலை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

நல்லாருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"மூணாவது பாட்டு ஒண்ணுதான் அண்ணாச்சி கரைக்கு வருது. மத்ததெல்லாம் கடைக்குள்ள கேக்கத்தான் ஆகும். அந்த ஒண்ணுக்காக எடுக்கலாம். ஆனா மாப்பிள்ளை அழைப்புக்கு வேணாம். குழலுக்கு அடியில ஒரு அழுகை இருக்கு. பொண்ணோட அம்மா கேட்டா கண்ணு கலங்கிரும். எல்லாரும் சாப்பிட்டு வெத்தலை போடுற நேரத்துக்கு வைக்கலாம்."

சொல்லி முடித்தபிறகுதான் பார்த்தேன், என் கை ஆற்றுத்தண்ணீர் மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். கருப்பையா அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணாச்சி முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது.

"கேட்டியாடா கருப்பையா. தனபாக்கியம் பேச்சு அப்படியே இருக்கு. போறதுக்கு முன்னால இவளை எம்புட்டு நல்லாப் பழக்கி விட்டுட்டுப் போயிருக்கா பாரு."

இது என் பேச்சு என்று சொல்ல வேண்டுமானால், அவள் பேசியதெல்லாம் என்றைக்கு எங்கே வைத்து நான் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தால் கடைசியில் அந்த மேளத் தட்டுக்கும் வர வேண்டும். அண்ணாச்சி முக்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "அவ சொல்லிக் குடுத்ததுதான்."